7. பலர் பேசும் சர்வர்

இந்த அத்தியாயத்தில் எழுதப்போவது ஓர் அரட்டை சர்வர். ஒருவர் ஒரு வரியை டைப் செய்து எண்டர் தட்டினால், இணைப்பில் இருக்கும் மற்ற எல்லோருடைய திரையிலும் அது தெரிய வேண்டும். அவ்வளவுதான் வேலை. பாஸ்வேர்டு கிடையாது, படம் அனுப்ப முடியாது, பழைய பேச்சைச் சேமித்து வைக்கப்போவதும் இல்லை. நிரல் சின்னதுதான் என்றாலும், பல கிளையன்ட்களைக் கவனிக்கும் எந்த சர்வரிலும் தலைகாட்டும் சிக்கல்கள் அத்தனையும் இதற்குள்ளேயே வந்துவிடும். அந்தச் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: நிரல் எந்த இடத்தில், யாருக்காகக் காத்து நிற்கிறது?

பைத்தான் 3.4 அல்லது அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும் போதும். லினக்ஸோ மேக்கோ இருந்தால் நல்லது. டெர்மினல் மூன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சர்வர் ஓடட்டும், மற்ற இரண்டும் கிளையன்ட்கள். கிளையன்டுக்கென்று தனி நிரல் எழுத வேண்டாம், நெட்கேட் போதும்.

ஒருவருக்கான சர்வர்

அரட்டைக்கு முன் எக்கோ. வந்த பைட்டை அப்படியே திருப்பி அனுப்பும் சர்வர் இது. 1983லேயே ஆர்எஃப்சி 862 என்று இதற்கு ஓர் ஆவணம் எழுதி, போர்ட் 7ஐ ஒதுக்கிவிட்டார்கள்.

சர்வர் பக்கத்தில் நான்கு அழைப்புகள் உண்டு: சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட். இவை 1983இல் பெர்க்லியிலிருந்து வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸின் பெயர்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பெயரும் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. சாக்கெட் ஒன்றை உருவாக்க வேண்டும், பைண்ட் மூலம் அதற்கு முகவரியும் போர்ட்டும் கொடுக்க வேண்டும், லிசன் சொல்லி இணைப்புகளை வரவிட வேண்டும், அக்செப்ட் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். முகவரிக்கு 127.0.0.1, போர்ட்டுக்கு 9009 என்று வையுங்கள். 1024க்குக் கீழே உள்ள போர்ட்களை லினக்ஸில் சாதாரணப் பயனர் திறக்க முடியாது. முகவரியாக 0.0.0.0 கொடுத்தால் அதே வைஃபையில் இருப்பவர்கள் எல்லோரும் உள்ளே வரலாம். பழகும் காலத்தில் அது வேண்டாம்.

புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அக்செப்ட் திருப்பித் தருவது ஒரு புதிய சாக்கெட். முதலில் உருவாக்கியது கேட்பதற்கு மட்டுமே. அதன் வழியாக ஒரு பைட் கூட அனுப்பவோ வாங்கவோ முடியாது. பத்து பேர் இணைந்திருந்தால் சர்வரிடம் பதினொரு சாக்கெட் இருக்கும். நிரலில் இரண்டு வகைக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

கண்ட்ரோல்-சி தட்டி சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி நிரல் விழலாம். லினக்ஸில் பிழை எண் 98. இணைப்பை முதலில் மூடிய பக்கம் டைம்-வெயிட் என்ற நிலையில் கொஞ்ச நேரம் கிடக்க வேண்டும் என்பது டிசிபியின் விதி. லினக்ஸில் அது 60 வினாடி. பைண்டுக்கு முன்னால் ரீயூஸ்-அட்ரஸ் என்ற சாக்கெட் அமைப்பை இயக்கிவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. விண்டோஸில் அதே பெயருக்கு வேறு அர்த்தம்: ஏற்கெனவே ஓடும் சர்வரின் போர்ட்டை இன்னொரு நிரல் பறித்துக்கொள்ள அது வழிவிடும். அங்கே அதைத் தொடாதீர்கள்.

இப்போது எக்கோ சர்வரை ஓட்டி, இரண்டாவது டெர்மினலிலிருந்து நெட்கேட்டால் இணைந்து ஏதாவது டைப் செய்யுங்கள். பதில் வரும். அதை மூடாமல் மூன்றாவது டெர்மினலிலிருந்தும் இணையுங்கள். பிழை ஏதும் வராது; இணைப்பு கிடைத்துவிட்டது போலவே இருக்கும். டைப் செய்தால் பதில் மட்டும் வராது. மூன்று நான்கு வரி அடித்துவிட்டு, முதல் கிளையன்டை மூடிப் பாருங்கள். மூன்றாவது டெர்மினலில் அத்தனை வரிக்கும் மொத்தமாகப் பதில் கொட்டும்.

நடந்தது இது: கைகுலுக்கலை முடித்து இணைப்பை வரிசையில் நிறுத்துவது கெர்னலின் வேலை, உங்கள் நிரலைக் கேட்டு அது செய்வதில்லை. வந்த பைட்களையும் அதுவே பஃபரில் வாங்கி வைத்துக்கொள்ளும். உங்கள் நிரல் மட்டும் முதல் ஆளின் ரிசீவ் அழைப்பில் உட்கார்ந்திருக்கிறது. சர்வர் விழவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. வாடிக்கையாளர் ‘தொங்குது’ என்று புகார் செய்யும் சர்வர்களில் பல இந்த நிலையில் இருப்பவைதான்.

வரி எங்கே முடிகிறது?

பலரைக் கவனிக்கும் வேலைக்குப் போகுமுன் இன்னொன்றைச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான பாடங்கள் இதைக் கடைசியில் ஒரு குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போகும். அது தவறு. இதை விட்டுவிட்டு த்ரெட் பக்கம் போனால், பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடியே நாள் போய்விடும்.

டிசிபிக்குச் செய்தி என்று ஒன்று தெரியாது. அதற்குத் தெரிந்தது பைட்களின் ஓட்டம் மட்டும். நீங்கள் இரண்டு தடவை அனுப்பியது அங்கே ஒரே ரிசீவில் சேர்ந்து வரலாம். ஒரு தடவை அனுப்பியது மூன்றாக உடைந்து வரலாம். சொந்தக் கணினிக்குள்ளேயே சோதிக்கும்போது இது அநேகமாகக் கண்ணில் படாது, ஆகவே நிரல் சரி என்று நம்பிவிடுவோம். வெளியூர் நெட்வொர்க்கில் வைத்ததும் வரிகள் ஒட்டியும் உடைந்தும் வரும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி: இந்தப் பிழையை வீட்டிலேயே வரவழைக்கலாம். ரிசீவ் அளவை வேண்டுமென்றே 10 என்று வையுங்கள். கிளையன்டில் ‘வணக்கம்’ என்று அடித்து எண்டர் தட்டுங்கள். யூனிகோடில் இந்தச் சொல் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. வரி முடிவுக்கு ஒன்று சேர்த்தால் 22. முதல் ரிசீவில் வரும் பத்து பைட்டில் வ, ண, க மூன்றும் ஒன்பதை எடுத்துக்கொள்ளும். பத்தாவது பைட் புள்ளியின் முதல் துண்டு. இதை எழுத்தாக மாற்றச் சொன்னால் பைத்தான் டீகோட் பிழை காட்டி நின்றுவிடும். ஆங்கிலத்தில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்பதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. எல்லோரும் பழக்கத்தில் போடும் 1024 என்ற அளவும் இதற்கு விலக்கல்ல: 1024ஐ மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. இடைவெளியில்லாத நீண்ட தமிழ் ஓட்டம் வந்தால் 342ஆவது குறியீடு அறுபடும்.

தீர்வு எளிது. ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு உள்பஃபர் வையுங்கள். வந்த பைட்களை அதன் வாலில் ஒட்டுங்கள். வரி முடிவைக் குறிக்கும் 10 என்ற பைட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவரை வெட்டி எடுத்து, அந்த முழு வரியை மட்டும் எழுத்தாக மாற்றுங்கள். மீதி பஃபரிலேயே கிடக்கட்டும். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தின் எந்த பைட்டும் 128க்குக் குறையாது. ஆகவே 10 என்ற மதிப்பு ஓர் எழுத்தின் நடுவில் வந்து ஏமாற்றாது. வெட்டுவதை ஒரு லூப்பில் செய்யுங்கள், ஒரே ரிசீவில் நான்கு வரி வந்திருக்கலாம்.

ரிசீவ் காலியான பைட் வரிசையைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் அனுப்புவதை முடித்து மூடிவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காமல் லூப்பைத் தொடர்ந்தால், மூடிய சாக்கெட் ஒவ்வொரு முறையும் காலி வரிசையையே கொடுக்க, சிபியு நூறு சதவீதத்தில் ஓடும். மின்விசிறி சத்தம் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஆளுக்கு ஒரு த்ரெட்

முதல் வழி, அக்செப்ட் தரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு த்ரெட் கிளப்பிவிடுவது. முதன்மை த்ரெட் மறுபடி அக்செப்டுக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு த்ரெட்டும் தன் ஆளுக்காக மட்டும் காத்திருக்கும், மற்றவர்களுக்கு அதனால் பாதிப்பில்லை. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பைத்தானின் கில் பூட்டை நினைத்து இங்கே பயப்பட வேண்டாம். நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் த்ரெட் அந்தப் பூட்டை விட்டுக்கொடுத்துவிடும். எக்கோ சர்வருக்கு இதோடு கதை முடிந்தது.

அரட்டைக்கு முடியாது. ஒருவர் அனுப்பியதை எல்லோருக்கும் அனுப்ப, இணைந்திருப்பவர்களின் பட்டியல் ஒன்று பொதுவாக வேண்டும். ஒரு த்ரெட் அந்தப் பட்டியலைச் சுற்றிவந்து அனுப்பிக்கொண்டிருக்கும்போது இன்னொரு த்ரெட், யாரோ வெளியேறியதால், அதிலிருந்து ஒரு பெயரை நீக்கும். செட் பயன்படுத்தியிருந்தால் பைத்தான் பிழை கொடுத்துக் காட்டிக்கொடுக்கும். லிஸ்ட் என்றால் அந்த நன்மையும் இல்லை: ஒருவரைத் தாண்டிப் போய்விடும், அவருக்கு மட்டும் அந்த வரி வராது, எந்தப் பிழையும் பதிவாகாது. இரண்டில் செட் மேல்.

ஆகவே லாக் போடுகிறோம். பட்டியலைத் தொடுகிற எவரும் லாக்கை எடுத்துக்கொண்டுதான் தொட வேண்டும். இங்கேதான் அடுத்த பள்ளம். லாக்கைப் பிடித்தபடியே எல்லோருக்கும் சென்ட்-ஆல் செய்யும் நிரலை எழுதி ஓட்டுங்கள். இரண்டு கிளையன்ட்களை இணைத்து, ஒன்றில் கண்ட்ரோல்-இசட் தட்டுங்கள். நெட்கேட் உறங்கிவிடும், ஆனால் இணைப்பு இருக்கும். நான்காவது டெர்மினல் ஒன்றைத் திறந்து, யெஸ் கட்டளையின் வெளியீட்டை பைப் வழியாக நெட்கேட்டுக்குள் தள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் உறங்குகிற ஆளின் பக்கத்து கெர்னல் பஃபர் நிரம்பும், பிறகு சர்வர் பக்கத்துப் பஃபரும் நிரம்பும். அந்த சென்ட்-ஆல் அங்கேயே நின்றுவிடும், லாக் கையில் இருக்கிறது. இனி யாரும் யாருக்கும் எதுவும் அனுப்ப முடியாது. புதிதாக வருகிறவர் பட்டியலில் சேரவும் முடியாது. ஒருவர் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார் என்பதற்காக மொத்த அரட்டையும் உறைந்துவிடும்.

லாக்கின் கீழ் பட்டியலை நகல் எடுத்துக்கொண்டு, லாக்கை விட்டபிறகு அனுப்பலாம். உறைவு கொஞ்சம் குறையும், தீராது. அனுப்புகிற த்ரெட் இன்னமும் அந்த ஒருவரிடம் மாட்டிக்கொள்ளும். முறையான தீர்வு, ஆளுக்கு ஒரு வெளிக் க்யூ, அதைக் காலிசெய்ய ஆளுக்கு இன்னொரு த்ரெட். ஒருவருக்கு இரண்டு த்ரெட் ஆகிவிட்டது. லினக்ஸில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக்குக்கு வழக்கமாக 8 எம்பி முகவரியிடம் ஒதுக்கப்படும். அத்தனையும் உண்மையான நினைவகத்தைத் தின்பதில்லை என்றாலும், ஆயிரக்கணக்கில் போகும்போது கணினி திணறும். ஐம்பது நூறு பேருக்கு இது நன்றாகவே ஓடும். ஒரு அலுவலகத்துக்குள் பயன்படும் கருவிக்கு இந்த முறையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஒரே லூப்

இரண்டாவது வழியில் த்ரெட் ஒன்றுதான். அது யாரிடமும் நிற்காது. எல்லா சாக்கெட்டையும் காத்திராத முறைக்கு மாற்றிவிட்டு, இவற்றில் எதெது தயார் என்று கெர்னலையே கேட்பது. நிரல் தூங்கும் இடம் இந்த ஒரு கேள்வி மட்டும்.

இதற்கான முதல் அழைப்பான செலக்ட்டும் 4.2 பிஎஸ்டியில் வந்ததுதான். லினக்ஸில் அது 1024 சாக்கெட்டுக்கு மேல் பார்க்காது. ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் கொடுக்க வேண்டும். 1999இல் டான் கெகல், ஒரு சர்வர் பத்தாயிரம் கிளையன்ட்களை ஒரே நேரத்தில் எப்படித் தாங்கும் என்ற கேள்வியை சி10கே என்று பெயரிட்டு எழுதினார். செலக்ட்டுக்கு மாற்றாக ஃப்ரீபிஎஸ்டியில் 2000இல் கேக்யூவும், லினக்ஸ் கெர்னலில் 2002இல் ஈபோலும் வந்தன. 2004இல் வெளியான என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இந்த அடித்தளத்தில் நிற்பதுதான். பைத்தானில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கவலை உங்களுக்கு இல்லை: செலக்டர்ஸ் மாட்யூலின் இயல்புத் தேர்வு, லினக்ஸில் ஈபோலையும் மேக்கில் கேக்யூவையும் விண்டோஸில் செலக்ட்டையும் எடுத்துக்கொள்ளும்.

நிரலின் எலும்புக்கூடு இது:

முடிவின்றி:
    தயாரானவை ← செலக்டரிடம் கேள்
    தயாரான ஒவ்வொன்றுக்கும்:
        கேட்கும் சாக்கெட் என்றால்:
            அக்செப்ட் செய், புது ஆளுக்குப் பதிவு உண்டாக்கு
        படிக்கத் தயார் என்றால்:
            ஒரே ஒரு ரிசீவ். வெறுமை என்றால் ஆளை நீக்கு
            உள்பஃபரில் ஒட்டு, முழு வரிகளை வெட்டு
            ஒவ்வொரு வரியையும் மற்றவர்களின் வெளிபஃபரில் ஒட்டு
        எழுதத் தயார் என்றால்:
            வெளிபஃபரிலிருந்து முடிந்தவரை அனுப்பு, அனுப்பியதை நீக்கு

ஆளுக்கு ஒரு பதிவு: சாக்கெட், உள்பஃபர், வெளிபஃபர், கடைசியாகப் பேசிய நேரம். த்ரெட் முறையில் த்ரெட்டின் ஸ்டாக்கில் தானாக இருந்த நிலையை இங்கே நாமே எழுதி வைக்கிறோம். லாக் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே த்ரெட் என்பதால் பட்டியலை இன்னொருவர் மாற்றிவிடுவார் என்ற பயமில்லை. ஆனால் நீங்களே சுற்றிவரும் வேளையில் நீங்களே நீக்கலாம்; அதற்கு மட்டும் நகல் எடுத்துச் சுற்றுங்கள்.

அனுப்புவதற்கு சென்ட்-ஆல் வேண்டாம், சென்ட் போதும். எத்தனை பைட் போனது என்று அது சொல்லும். அத்தனையை வெளிபஃபரின் தலையிலிருந்து வெட்டிவிடுங்கள். எழுதத் தயாரா என்ற கேள்வியை வெளிபஃபரில் ஏதாவது இருக்கும்போது மட்டும் பதிவு செய்யுங்கள். சாதாரண நேரத்தில் எந்த சாக்கெட்டும் எழுதத் தயாராகவே இருக்கும். எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தால் செலக்டர் தூங்கவே தூங்காது, மறுபடி நூறு சதவீதம்.

அளவு கட்டுவதை மறக்கக் கூடாது. எண்டர் தட்டாமல் பைட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும் கிளையன்ட் உள்பஃபரை வீங்கவைத்தே சர்வரைச் சாய்க்கலாம். ஒரு வரிக்கு 8 கேபி என்று வரம்பு வைத்து, தாண்டினால் துண்டியுங்கள். வெளிபஃபருக்கு 1 எம்பி. அதைத் தாண்டினால் அந்த ஆள் படிக்கவில்லை என்று பொருள், அவரையும் துண்டியுங்கள். அரட்டைக்கு இந்தக் கறார் சரி. கோப்பு அனுப்பும் சர்வராக இருந்தால் துண்டிக்கக் கூடாது: அனுப்புகிறவரிடமிருந்து படிப்பதை நிறுத்திவைத்தால், டிசிபி தானே அவரைத் தடுத்து நிறுத்தும்.

பழைய கண்ட்ரோல்-இசட் சோதனையை மறுபடி செய்யுங்கள். விழித்திருக்கும் கிளையன்டின் வெளியீட்டை டெவ்-நல்லுக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் டெர்மினல் திரையின் வேகம் போதாமல் அதுவும் வரம்பைத் தாண்டலாம். உறங்குகிறவர் துண்டிக்கப்படுவார், மற்றவர் பேச்சு தொடரும்.

இந்த முறையின் கடுமையான நிபந்தனை ஒன்று: லூப்புக்குள் எதுவும் காத்திருக்கக் கூடாது. ஒரு டேட்டாபேஸ் கேள்வி, ஒரு பெயரை ஐபி முகவரியாக மாற்றும் தேடல், டைம் ஸ்லீப், பெரிய படத்தைச் சுருக்கும் கணக்கு, எதைச் செய்தாலும் அந்த நேரம் முழுவதும் எல்லோருக்கும் சர்வர் ஊமை. அப்படிப்பட்ட வேலைகளை ஒரு த்ரெட் பூலுக்குத் தள்ளிவிட்டு முடிவை மட்டும் லூப்புக்குக் கொண்டுவாருங்கள்.

சத்தமில்லாமல் போனவர்கள்

நெட்கேட்டை மூடினால் சர்வருக்குத் தகவல் வரும். வைஃபை அறுந்தாலோ மின்சாரம் போனாலோ எந்தத் தகவலும் வராது. இணைப்பு உயிரோடு இருப்பதாகவே சர்வர் நம்பிக்கொண்டிருக்கும். டிசிபியின் கீப்-அலைவ் உதவும் என்று சொல்வார்கள். அதை நீங்களாக இயக்க வேண்டும், இயக்கினாலும் லினக்ஸில் முதல் விசாரிப்பு 7200 வினாடிக்குப் பிறகுதான். அந்த நேரத்தை மாற்றலாம். அதைவிட, செலக்டரிடம் கேட்கும்போது 5 வினாடி கெடு வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகப் பேசிய நேரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் வாய் திறக்காதவரை நீக்கிவிடுவது தெளிவு. வேண்டுமென்றே மெதுவாகப் பேசி இணைப்புகளைப் பிடித்துவைக்கிறவர்களும் உண்டு. 2009இல் வெளியான ஸ்லோலோரிஸ் என்ற கருவி அப்படித்தான் வெப் சர்வர்களை முடக்கிக் காட்டியது. கடைசியாக பைட் வந்த நேரத்தை எண்ணாமல், கடைசி முழு வரி வந்த நேரத்தை எண்ணினால் அந்தத் தந்திரம் பலிக்காது.

ரிசீவும் சென்டும் எப்போது வேண்டுமானாலும் ‘கனெக்‌ஷன் ரீசெட்’, ‘ப்ரோக்கன் பைப்’ என்ற பிழைகளைத் தரலாம். ஒருவர் போனார் என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. பிடித்து, அந்த ஆளை மட்டும் நீக்கி, லூப்பைத் தொடருங்கள். நீக்கும் வேலை முழுவதையும் ஒரே ஃபங்க்‌ஷனில் வையுங்கள்: செலக்டரிலிருந்து எடு, பட்டியலிலிருந்து எடு, சாக்கெட்டை மூடு. மூட மறந்த சாக்கெட்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒரு ப்ராசஸ் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளுக்கு லினக்ஸில் வழக்கமான வரம்பு 1024, சாக்கெட்டும் அதில் ஒரு கணக்கு. அது தீர்ந்த பிறகு அக்செப்ட் பிழை கொடுக்கும், புதியவர் யாரும் நுழைய முடியாது.

வேலைக்காக எழுதும் சர்வரில் இந்த லூப்பை நீங்களே எழுதாதீர்கள். பைத்தானோடு வரும் அசின்க்-ஐஓவை எடுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் அதன் உள்ளே ஓடுவது இதே செலக்டர்தான். வரி வெட்டுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும், வரிக்கு 64 கேபி வரம்பும் தானாகவே வைத்திருக்கும். வெளிபஃபர் விஷயத்தில் மட்டும் பொறுப்பு உங்களுடையது: ரைட் சொல்லிவிட்டு, பஃபர் வடியும்வரை நிறுத்திவைக்கும் ட்ரெய்ன் அழைப்புக்குக் காத்திருக்காவிட்டால் பஃபர் வரம்பில்லாமல் வீங்கும், ஒருவரின் ட்ரெய்னுக்காக எல்லோருக்கும் அனுப்பும் சுற்றிலேயே காத்திருந்தால் பழைய லாக் கதை திரும்ப வரும். ஆளுக்கு ஒரு அளவான க்யூவும் அதைக் காலிசெய்ய ஒரு டாஸ்க்கும் வையுங்கள். க்யூ நிரம்பியவரைத் துண்டித்துவிடுங்கள்.